படபடப்பு என்றுதான் போடுவேன்

நேற்று நம் சப்டைட்டில் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் துருக்கித் தொடரின் கல்யாணக் காட்சியில் மணப்பெண் "சோக் ஹெயெஜான்லுயும்" என்கிறாள். நான் "ரொம்பப் படபடப்பா இருக்கு" என்று சப்டைட்டில் போட்டேன். நம் அண்ணன் வந்து அதை "மகிழ்ச்சியா இருக்கு" என்று மாற்றியதோடு நிற்காமல், படபடப்பு எல்லாம் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வருவது என்று நக்கல் வேறு. அதற்கு எத்தனை சிரிப்புக் குறி! சரி, சிரியுங்கள்.

ஹெயெஜான் மகிழ்ச்சி இல்லை. நல்லதா கெட்டதா என்று மனசு முடிவு பண்ணுவதற்கு முன்னாலேயே உடம்பு ஆடுகிறதே, அது. இஸ்தான்புல்லில் வேலை நேர்காணலுக்குக் கிளம்பியபோது கீழ்வீட்டு அம்மா என் கையைப் பிடித்து "ஹெயெஜான் யாப்மா" என்றார். மகிழ்ச்சியடையாதே என்றா சொல்லியிருப்பார்? சந்தோஷம் தாங்கவில்லை என்றால் துருக்கியர் பாவாடையில் மணி அடிக்கிறது என்பார்கள். பதறினால் அதே பாவாடையில் தீப்பிடித்துவிட்டது என்பார்கள். இந்தப் பெண் மணியும் அடிக்கவில்லை, தீயும் வைக்கவில்லை. அவள் கையைப் பாருங்கள், விரல் முக்காட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறது.

மாத்திரைக் கதைக்கு வருகிறேன். நோயாக வரும் படபடப்புக்கு அங்கே தனிச்சொல் உண்டு, சார்ப்புந்த்து. சார்ப்மாக் என்றால் மோதுவது, அதிலிருந்து வந்தது. துருக்கியில் புள்ளியில்லாத ஐ என்று ஓர் எழுத்து, நம் குற்றியலுகரம் போலவே ஒலிக்கும். நமக்குப் பழகிய ஒலிதானே என்ற மிதப்பில் ஒருநாள் இஸ்தான்புல்லின் காடிக்கோய் பகுதி மருந்துக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சுர்ப்புந்த்து என்று சொல்லிவிட்டேன். அது கடலில் எழும் சிற்றலைக் கொந்தளிப்பு! அன்றைக்கு லோதோஸ் என்கிற பலத்த தென்மேற்குக் காற்றில் படகுகளை வேறு நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரர் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்து, "ஆமாம், இன்றைக்கு அதிகம்தான்" என்றார். இப்படி அவமானப்பட்டுக் கற்றுக்கொண்ட மொழி ஐயா இது. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

"ஹெயெஜானே அரபுச் சொல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு நுணுக்கம்" என்று ஒருவர். ஆமாம், அரபுதான். பதற்றத்துக்குச் சொல்லும் தெலாஷ் பாரசீகம். இருக்கட்டுமே, அதனால்? நாம் சந்தோஷம் என்று சொல்லும்போது வடமொழி என்பதால் பாதிதான் சந்தோஷப்படுகிறோமா? "பார்க்கிறவர்களுக்குப் புரிந்தால் போதும்" என்றும் ஒருவர். படபடப்பு புரியாத தமிழர் யார்? பறவை சிறகடிப்பதைத் துருக்கியர் புர் புர் என்கிறார்கள், நெஞ்சுக்கும் அதையே சொல்வார்கள். நம்முடையதும் சிறகுச் சொல்தான். இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை மருந்துச் சீட்டுக்குத் துரத்துகிறீர்கள்.

காசுக்கு இதைச் செய்யவில்லை. இரவு பதினோரு மணிக்குமேல், பிள்ளை தூங்கியபிறகு உட்கார்ந்து செய்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணா. மூன்று வருஷமாக உள்பெட்டியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டவர்தானே நீங்கள்? இந்த ஒன்றுக்கு மட்டும் சபையில் வைத்துத்தான் கேட்க வேண்டுமா?

அந்த வரி மாறவே வேண்டுமென்றால் என் பெயரை எடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.