அறுபத்து நான்காம் நம்பர் பஸ்

(கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடம். பிள்ளையும் மருமகளும் மியூனிக்கில் வேலையில் இருக்கிறார்கள். பிள்ளையைப் பெற்ற கணேசன் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினார். பெண்ணைப் பெற்ற சுந்தரம் அடுத்த வாரம் கிளம்புகிறார். சம்பந்திகள் என்பதால் பேச்சில் மரியாதை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.)

சுந்தரம்: உங்களை ரோமுக்கு அழைத்துப் போனார்களாமே. எங்களுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. பிக்பாக்கெட் விஷயமாகச் சம்பந்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் அனுபவஸ்தர் என்று பெண் சொன்னாள்.

கணேசன்: அனுபவஸ்தர் என்றால் எந்தப் பக்கத்து அனுபவம் என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சுந்தரம்: சேச்சே. ஆனால் ஒன்று, நாம் பார்க்காத ஜேப்படியா? மகாமகக் கூட்டத்திலேயே பர்ஸோடு வீடு வந்து சேர்ந்தவன் நான்.

கணேசன்: மகாமகத்தில் உங்கள் கண் பர்ஸ் மேலேயே இருந்திருக்கும். ரோம் அண்ணாந்து பார்க்கிற ஊர். கொலோசியத்துக்கு அண்ணாக்க வேண்டும், தேவாலயத்துக்கு அண்ணாக்க வேண்டும். நாம் அண்ணாந்தால் அவனுக்குப் பாதி வேலை முடிந்தது. திரேவி நீரூற்று என்று ஒன்று இருக்கிறது. அங்கே நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு வீச வேண்டும்.

சுந்தரம்: எதற்கு?

கணேசன்: மறுபடி ரோமுக்கு வருவோமாம்.

சுந்தரம்: அந்தக் காசை யார் எடுத்துக்கொள்வது?

கணேசன்: வாரி எடுத்து கரித்தாஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஏழைகளுக்குப் போகிறது. பர்ஸ் போனால் அந்தப் புண்ணியமும் கிடையாது.

சுந்தரம்: எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்க மாட்டார்களா?

கணேசன்: அதுதான் வினை. "பிக்பாக்கெட் ஜாக்கிரதை" என்று படித்தவுடன் யாராக இருந்தாலும் கை தானாகப் போய்ப் பையைத் தட்டிப் பார்க்கும். ஒருத்தர் பின்பக்கம் தட்டினார், ஒருத்தர் நெஞ்சில் தட்டினார், நான் இடுப்பில் தட்டினேன். சரக்கு எங்கெங்கே இருக்கிறது என்று மொத்தக் கூட்டமும் வரிசையாகக் காட்டிக் கொடுத்தாயிற்று.

சுந்தரம்: நிஜமாகவே யாராவது எடுத்ததைப் பார்த்தீர்களா?

கணேசன்: காபிக் கடையில், அடுத்த மேசையில். ஒரு ஆள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காபி குடிக்கிறார். ஒரு பெண் வந்து ஊர் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து வழி கேட்டாள். இவரும் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவள் நன்றி சொல்லி வரைபடத்தை எடுத்தாள். அடியில் இருந்த போனும் கூடவே எழுந்து போய்விட்டது. இவர் இன்னும் "அப்புறம் இடது பக்கம்" என்று கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

சுந்தரம்: அட பாவமே!

கணேசன்: பாரிஸில் லூவர் அருங்காட்சியக ஊழியர்களே தாங்கவில்லை. இந்தத் தொல்லைக்காக 2013 ஏப்ரலில் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். மோனாலிசாவைப் பார்க்கப் போனவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள்.

சுந்தரம்: சரி, பாஸ்போர்ட்டை என்ன செய்தீர்கள்?

கணேசன்: அசலை ஓட்டல் லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு சுற்றினோம். அசல் தொலைந்தால் விசாவும் கூடவே போய்விடும். போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் செல்லும்.

சுந்தரம்: அப்படியென்றால் மியூனிக் போய் மிச்ச நாளைக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள...

கணேசன்: முடியாது. இதைக் கேட்ட பிறகு உங்கள் சம்பந்தியம்மா இரண்டு நாள் அந்த லாக்கரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரம்: (குரலைத் தாழ்த்தி) பணம்?

கணேசன்: நம் தையற்காரரிடம் கொடுத்து உள்ளாடையில் ஜிப் வைத்து ரகசியப் பை தைத்துக்கொண்டேன். ஐந்நூறு யூரோ, சில்லறையோடு, அத்தனையும் அதற்குள்.

சுந்தரம்: அடேயப்பா! அதில் கை வைக்க எவனுக்குத் தைரியம் வரும்?

கணேசன்: எனக்கே வரவில்லை. டெர்மினி ரயில் நிலையத்தில் பஸ் டிக்கெட் வாங்க நிற்கிறேன். பின்னால் பத்துப் பேர். அங்கே வைத்து எப்படி எடுப்பது? கழிவறைக்கு ஓடினேன். வாசலில் ஒரு கேட். ஒரு யூரோ போட்டால்தான் திறக்கும்.

சுந்தரம்: போட வேண்டியதுதானே?

கணேசன்: யூரோ உள்ளே இருக்கிறது.

சுந்தரம்: கழிவறைக்கு உள்ளேயா?

கணேசன்: எனக்கு உள்ளே.

சுந்தரம்: ஐயையோ. அப்புறம்?

கணேசன்: உங்கள் சம்பந்தியம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். அவள் பாட்டி காலத்து அமைப்பு. வாயைப் பிரித்தாள், விபூதிப் பொட்டலத்தைத் தள்ளினாள், ஒரு யூரோவை எடுத்துக் கையில் வைத்தாள். ராத்திரி தூங்கும்வரை அந்த ஒரு யூரோவைப் பற்றியே பேசினாள்.

சுந்தரம்: சரி, அந்த அறுபத்து நான்காம் நம்பர் பஸ் கதை என்ன? பெண் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

கணேசன்: டெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகிற பஸ். ஜேப்படிக்குப் பேர் போனது. அதற்கென்றே ஒரு டம்மி பர்ஸ் தயார் செய்து பின்பாக்கெட்டில் வைத்திருந்தேன். பத்து ரூபாய் நோட்டு ஒன்று, காலாவதியான கார்டு, கூட்டுறவுப் பண்டகசாலை அட்டை, ஒப்பிலியப்பன் படம். கூட்டம் நெருக்கியது, பஸ் ஒரு பிரேக் போட்டது, பின்னால் லேசாக ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் பர்ஸ் இல்லை!

சுந்தரம்: அடடா!

கணேசன்: என்ன அடடா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூண்டிலில் மீன் விழுந்த மாதிரி. இறங்கி நடந்தால் பின்னால் "சிஞ்ஞோரே! சிஞ்ஞோரே!" என்று ஒரு கிழவி ஓடி வருகிறாள். கையில் என் பர்ஸ். கீழே கிடந்தது என்று யாராவது எதையாவது நீட்டினால் நிற்கவே கூடாது, அது மோதிரத்தைக் காட்டிக் காசு பறிக்கிற கும்பல் என்று பையன் சொல்லி அனுப்பியிருந்தான். ஓடினேன்.

சுந்தரம்: இந்த வயதிலா?

கணேசன்: அவளுக்கு என்னைவிட வயது அதிகம், ஆனால் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. கடைசியில் உங்கள் சம்பந்தியம்மாதான் நின்று வாங்கினாள். எடுத்தவன் திறந்து பார்த்துவிட்டு பஸ்ஸிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் அப்படியே இருந்தது. கூடவே இரண்டு யூரோ நாணயம் ஒன்று.

சுந்தரம்: உங்களுடையதா?

கணேசன்: என் பணம்தான் எங்கே இருந்தது என்று சொன்னேனே. ஒப்பிலியப்பனைப் பார்த்துவிட்டுக் கிழவி காணிக்கை போட்டாள் என்கிறாள் உங்கள் சம்பந்தியம்மா. பண்டகசாலை அட்டையைப் பார்த்துத் திருடனே போட்டிருப்பான் என்பது என் கட்சி. வீட்டில் இன்னும் தீரவில்லை.

சுந்தரம்: (யோசித்து) சம்பந்தி, அந்தப் பர்ஸ் இப்போது சும்மாதானே இருக்கிறது?

கணேசன்: பீரோவில் இருக்கிறது. ஏன்?

சுந்தரம்: அடுத்த வாரம் எடுத்துப் போகிறேனே. நாலு நாள் அங்கேதான் இருக்கப் போகிறோம்.

கணேசன்: தாராளமாக. எடுத்து வரட்டுமா?

சுந்தரம்: எடுத்து வாருங்கள். அந்தப் பத்து ரூபாயை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமாகக் காலியாக இருந்தால் ஐந்து யூரோவாவது போடுவார்கள்.