பணம் கொடுத்த தேதியையும் வெளியிடுங்கள்

கடையில் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பள்ளி மேசையை அரசு 7,500 கொடுத்து வாங்கியிருக்கிறது, மீதி யார் பைக்குப் போனது என்று கேட்டு ஒரு பதிவு இரண்டு நாளாகச் சுற்றுகிறது. கீழே வரிசையாகக் கமெண்ட். எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: கமிஷன்.

கமிஷன் என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 1,500 ரூபாயில் கமிஷனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்கள் அந்த மேசையைச் செய்கிறவர்கள் என்பதால் எனக்கு அது தெரியும்.

கோவை கணபதியில் அப்பா தொடங்கிய பட்டறையை இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். இரும்பு பீரோ, ரேக், பள்ளிகளுக்கான பெஞ்சு, மேசை. 2022 டிசம்பரில் ஓர் உள்ளாட்சி அமைப்பின் டெண்டரில் நாங்கள் எல்-1. அதாவது தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை எங்களுடையது. 340 செட் மேசை பெஞ்சு, செட்டுக்கு 6,300 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பிப்ரவரி கடைசிக்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் இறக்கிவிட்டோம். தலைமையாசிரியர்கள் சரக்கு வந்ததற்கான சலானில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார்கள். பில்லையும் உடனே கொடுத்தாயிற்று.

பணம் வந்தது 2024 ஏப்ரலில். பதிமூன்று மாதத்துக்கும் மேல்.

இந்தப் பதிமூன்று மாதம் எங்களுக்கு என்ன ஆனது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். சரக்கின் மதிப்பு 21,42,000. அதற்கு 18 சதவீத வரி 3,85,560. இன்வாய்ஸ் போட்டால் அடுத்த மாதமே வரி கட்டியாக வேண்டும். பணம் கைக்கு வந்ததா என்று ஜி.எஸ்.டி. கேட்காது. இரும்புக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினோம். ஆக, அரசிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்காமல் அரசுக்கு வரி கட்டிவிட்டு, அந்த 25 லட்சத்துச் சொச்சத்தை வங்கி ஓ.டி. கடனில் 11.5 சதவீதத்துக்குச் சுமந்தோம். வட்டி மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியது. செட்டுக்கு 700 ரூபாய் நிற்கும், மொத்தம் 2,38,000 மிச்சம் என்று அப்பா போட்டிருந்த கணக்கு அதிலேயே போய்விட்டது. அந்த வருடம் தீபாவளிக்கு எங்களிடம் வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் போனஸை இரண்டு தவணையாகக் கொடுத்தோம். அப்பா அன்றைக்குப் பட்டறைக்கு வரவே இல்லை.

சரி, சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல சட்டமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. எங்கள் பில் தேங்கிக் கிடந்த காலத்தில் வங்கி விகிதம் 6.75 சதவீதம். மூன்று மடங்கு என்றால் 20.25. கொடுக்கவில்லையென்றால், இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கிற வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்கே நடத்த முடியும். 2017-இலிருந்து ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்.

நாங்கள் கொடுக்கவில்லை. எங்களைப்போல் அரசுக்குச் சரக்குக் கொடுக்கிற தெரிந்தவர்கள் யாரும் கொடுத்ததில்லை. தண்ணீரில் இருந்துகொண்டு முதலையைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? அடுத்த டெண்டரில் நம் டெக்னிக்கல் கவரில் ஏதாவது ஒரு சான்றிதழ் சரியில்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பத்துப் பன்னிரண்டு முறை அந்த அலுவலகத்துக்கு நடந்திருப்பேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். ஒரு பைசா கேட்டதில்லை. ஒருநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சரக்கு எறக்குனது பிப்ரவரிக் கடைசி. பில் சுத்தி வர்றதுக்குள்ள மார்ச் 31 தாண்டிப் போச்சுங்க. அந்த வருசத்துப் பணம் திரும்பிப் போயிருச்சு. இனி புதுசா கேட்டு வாங்கோணும். அதுக்கு ஃபைல்ல நோட் போட்டா, ஏன் லேட்டுன்னு ஆடிட்ல என்னையத்தான் கேப்பாங்க. நோட் போடாம இருந்தா, யாருமே கேக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவருக்கு ஆடிட் உண்டு, விஜிலன்ஸ் உண்டு, ஓய்வுபெறும் நாளில்கூடக் கேள்வி வரலாம். கொடுக்காமல் ஃபைலைக் கட்டி வைத்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் நானும் கட்டித்தான் வைத்திருப்பேன்.

இப்போது அந்த 1,500 ரூபாய்க்கு வருகிறேன். ஒருமுறை இப்படி அடிபட்டவன் அடுத்த டெண்டருக்கு என்ன விலை போடுவான்? வருடக் கணக்கில் பணம் வராது என்று வைத்துக்கொண்டு வட்டியைச் சேர்த்தே போடுவான். பெரும்பாலோர் சேர்த்தே போடுகிறார்கள். அரசு மேசையை மட்டும் வாங்கவில்லை, தன் தாமதத்தையும் விலை கொடுத்து வாங்குகிறது. அதைக் கட்டுவது வரி கொடுக்கிற நாம்தான்.

வட்டியைச் சேர்க்காமல் விலை போடுகிறவரும் உண்டு. அவர்தான் எல்-1 ஆவார். அவர் எங்கே மிச்சம் பிடிப்பார் தெரியுமா? தகட்டில். டெண்டரில் 18 கேஜ் பைப் என்று இருக்கும், 1.2 மில்லிமீட்டர் கனம். 20 கேஜ் என்றால் 0.9 மில்லிமீட்டர்தான். மேலே பவுடர் கோட்டிங் ஏறிவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல எங்கள் அப்பாவாலும் முடியாது. கனம் அளக்கிற வெர்னியர் கருவியை வைத்து வெட்டு முனையில் அளந்தால்தான் தெரியும். அந்த முனையையும் பிளாஸ்டிக் புஷ் போட்டு மூடியிருக்கும். சலானில் கையெழுத்துப் போடுகிற தலைமையாசிரியர் பாவம், எண்ணிக்கையைத்தான் பார்க்க முடியும். நாற்பது மேசை, நாற்பது பெஞ்சு, சரி. ஒரே வருடத்தில் பெஞ்சின் கால் வெல்டிங் பிடித்த இடத்தில் விண்டு, அந்த விளிம்பு கத்திபோல நிற்கும். வேறொருவர் கொடுத்த பெஞ்சைப் பழுதுபார்க்க ஒரு பள்ளிக்குப் போனபோது, பாவாடை கிழிந்து முழங்காலுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டிய ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை எனக்கு அந்தப் பெஞ்சின் காலைத் தொட்டுக் காட்டினாள். "இதுதாண்ணா."

தமிழ்நாட்டில் 1998-இலேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்துவிட்டோம். 2000-இல் விதிகளும் வந்தன. டெண்டர் அறிவிப்பு எங்கே வர வேண்டும், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும், அதைக் குறைத்தால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயங்கள். ஆனால் நம் வெளிச்சமெல்லாம் கவர் பிரிக்கிற நாள் மீதே விழுகிறது. யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. வந்த சரக்கை யார் சோதித்தார்கள், பணம் என்றைக்குப் போனது என்பதை யாரும் தேடுவதில்லை.

இதையெல்லாம் அரசால் சரியாகச் செய்ய முடியாது என்பவர்களுக்குக் காட்ட நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனையில் கொடுக்கிற மாத்திரை அட்டையில் அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்குமே, அதை வாங்குகிறவர்கள் அவர்கள்தான். டெண்டரில் அவர்களும் குறைந்த விலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மருந்து கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ஓர் எண் மட்டும் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் சரக்கு மருத்துவமனைக்குப் போகும். தேறிவிட்டால் பணத்தை இழுத்தடிப்பதில்லை என்பதுதான் தொடக்கத்திலிருந்தே அந்தக் கழகம் வாங்கிய பெயர். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அவர்களுக்கு ஒதுக்கிய தொகை, எடுத்த மருந்துக்கு ஏற்பக் கழியும். சோதனை கறார், பணம் நேரத்துக்கு என்று தெரிந்தால் கம்பெனிகள் விலையைக் குறைத்துப் போடாமல் என்ன செய்யும்? கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியில்தான் தங்கள் கழகங்களைத் தொடங்கின.

மாத்திரைக்குச் செய்ததை மேசைக்குச் செய்ய முடியாதா? ஒரு வெர்னியர், நூற்றுக்கு இரண்டு மேசையை அறுத்துப் பார்க்கிற அதிகாரம், அவ்வளவுதானே வேண்டும்.

அரசு அலுவலகங்கள் ஆன்லைனில் சரக்கு வாங்குகிற மத்திய அரசின் ஜெம் தளம் 2016-இல் வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சான்று உருவானால் பத்து நாளில் பணம் என்பது அதன் விதி. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தச் சான்றிலிருந்துதான். அந்தச் சான்று தாமதமானால் நம் பத்து நாளும் தாமதமாகத்தான் தொடங்கும்.

இன்னொன்று. 2023-இல் வருமான வரிச் சட்டத்தின் 43-பி பிரிவில் ஒரு திருத்தம் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கிய கம்பெனி அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது, பணம் தந்த வருடத்தில்தான் காட்டலாம். 2024 மார்ச்சில் எங்கள் தனியார் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அவர்களாகவே போன் செய்து பாக்கியை முடித்தார்கள். எத்தனை வருடப் பழக்கம் ஒரே திருத்தத்தில் மாறியது! ஆனால் அரசு அலுவலகம் வருமான வரி கட்டுவதில்லையே. அதனால் அந்தச் சாட்டை அங்கே எட்டாது.

என் கோரிக்கை சின்னதுதான். டெண்டர் அறிவிப்பு வருகிற அதே தளத்தில், ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிரே இன்னும் மூன்று தேதி போடுங்கள்: சரக்கு வந்த தேதி, பில் வந்த தேதி, பணம் போன தேதி. 45 நாள் தாண்டினால் அந்த வரிசை சிவப்பாகட்டும். வட்டியை நாங்கள் கேட்டு வாங்கும்படி வைக்காமல் பில்லோடு தானாகச் சேரட்டும். அப்புறம், பணத்தை ஒதுக்கி வைக்காமல் யாரும் சப்ளை ஆர்டர் கொடுக்கக் கூடாது, மார்ச் 31 தாண்டினாலும் அந்தப் பணம் திரும்பிப் போகக் கூடாது. அந்த எழுத்தர் நிம்மதியாக நோட் போடுவார். கொடுக்காமல் வைத்திருப்பதற்கும் அன்றைக்குத்தான் கேள்வி வரும்.

போன வாரம் இன்னொரு டெண்டர் வந்திருக்கிறது, 410 செட். தம்பி விலை போட்டு எடுத்து வந்தான். இரும்பு, கூலி, கோட்டிங், வண்டி வாடகை எல்லாம் எழுதி, கடைசியில் தனியாக ஒரு வரி: வட்டி, செட்டுக்கு 900. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் எழுதிய எந்த விலைத்தாளிலும் அப்படி ஒரு வரி இருந்ததில்லை. அதை அடிக்கச் சொல்வார் என்று காத்திருந்தோம். ஒன்றும் சொல்லாமல் தாளைத் தம்பியிடமே கொடுத்துவிட்டார்.