படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள்

என் மகளுக்குப் பத்து வயதாகிறது. பள்ளிவிட்டு வந்தால் சீருடையை மாற்றுவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்துவிடுவாள். வீட்டுக்கு வரும் உறவினர்கள் "உங்களுக்கென்ன கவலை, பிள்ளை எப்போதும் படித்துக்கொண்டே இருக்கிறாள்" என்பார்கள். அது கதைப் புத்தகம் என்று தெரிந்ததும், "இதே ஆர்வத்தைப் பாடத்தில் காட்டினால் நன்றாக இருக்கும்" என்று முடிப்பார்கள். வாசிக்காத குழந்தையை வாசிக்க வைப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தானாகவே வாசிக்கும் குழந்தைக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

நான் அப்படி விட்டுவிடவில்லை; ஆனால் தவறான உதவியைச் செய்தேன். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் கதைச் சுருக்கம், அதில் கற்றுக்கொண்ட நீதி, ஐந்து புதிய சொற்கள் ஆகியவற்றை நோட்டில் எழுதச் சொன்னேன். சில வாரங்களில் அவள் மெலிந்த புத்தகங்களாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினாள். தடித்த புத்தகம் என்றால் நிறைய எழுத வேண்டியிருக்கும் என்று அவளே சொன்ன அன்றுதான், அவளுக்கு இருந்த ஒரே ஓய்வையும் நான் வீட்டுப்பாடமாக மாற்றிக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்தது. அன்றோடு அந்த நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது கதையைப் பற்றி அவளாக வந்து பேசினால் கேட்கிறேன், பேசாவிட்டால் விட்டுவிடுகிறேன்.

இத்தகைய குழந்தைக்கு முதலில் வேண்டியது தடையில்லாத புத்தக வரத்து. எண்பது பக்கத்தை ஒரே மாலையில் முடிக்கும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் விலைக்கு வாங்கித் தருவது நடுத்தரக் குடும்பத்தால் முடியாது. முடிய வேண்டிய தேவையும் இல்லை. 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகங்களுக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஆகவே கிளை நூலகம் நம்முடைய பணத்தில் நடப்பது. குழந்தையின் பெயரில் உறுப்பினர் அட்டை எடுப்பதற்கு ஆகும் செலவும் மிகச் சிறியது. மதுரையில் இருக்கும் எங்களுக்கு, 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு, விடுமுறை நாளில் அரை நாள் உட்கார்ந்து படிப்பதற்கு ஓர் இடமும் கிடைத்திருக்கிறது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. ஒருமுறை ஒரு நூலகத்தில், சிறுவர் அலமாரியை முழுவதும் முடித்துவிட்ட என் மகள் பறவைகளைப் பற்றிய பெரியவர்களுக்கான நூலை எடுத்தபோது, "இது உனக்குப் புரியாது" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டார்கள். புரியாவிட்டால் அவளே மூடி வைத்திருப்பாள். அந்த முடிவைக் குழந்தையிடம் விடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. சித்திரக்கதையாக இருந்தாலும், ஒரே புத்தகத்தை நான்காவது முறை எடுத்தாலும், தடுக்க வேண்டியதில்லை.

இந்த வயதில் தமிழில் ஒரு பள்ளம் இருப்பதையும் சொல்ல வேண்டும். சின்னஞ்சிறுவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா போன்ற பதிப்பகங்களின் படப் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். பத்து வயதைத் தாண்டிய பிறகு, குழந்தைக் கதைக்கும் பெரியவர்களின் நாவலுக்கும் நடுவே படிப்பதற்குத் தமிழில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்திலோ அந்த வயதுக்கென்றே அலமாரி அலமாரியாக இருக்கிறது. நல்ல வாசகர்களான நம் பிள்ளைகள் பலர் தமிழை விட்டு நகர்ந்துவிடுவது இங்கேதான். இதற்கு நான் கண்ட வழி, பயணக் கட்டுரை, வாழ்க்கை வரலாறு, அறிவியல் நூல் என்று கதைக்கு வெளியிலும் தேடுவதும், கடினமான தமிழ் நூல்களை இரவில் நானே உரக்கப் படித்துக் காட்டுவதும்தான்.

உரக்கப் படிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. காதால் கேட்காமல் கண்ணால் மட்டுமே சொற்களைச் சேர்க்கும் குழந்தைக்கு, நம் எழுத்தில் ஒரே 'க' பல ஒலிகளைத் தாங்குவது தெரியாது. 'கம்பீரம்' என்ற சொல்லை அவள் 'கல்' என்பதன் ஒலியில் தொடங்கிச் சொன்னபோது, ஒரு விருந்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்; அதன் பிறகு அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. தானாகப் படித்துச் சேர்த்த சொல்லைத் துணிந்து பேச்சில் பயன்படுத்தும் பிள்ளையைப் பார்த்துத் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அடுத்த வாக்கியத்தில் அதே சொல்லை நாம் சரியாக உச்சரித்தால் போதும், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த விருந்துக்குச் சில வாரங்களுக்குப் பிறகு, இரவு வாசிப்பின்போது அந்தச் சொல் வந்தது. நான் எதுவும் சொல்லாமல் படித்துக்கொண்டே போனேன். அவள் மெல்ல ஒருமுறை, தனக்குள்ளேயே, அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.