99 ரூபாய் பெட்டி

ஓசூர்ல வேலை முடிஞ்சு வீடு வந்து சேர எட்டு மணி ஆகுதேன்னுதான் சமையல் பெட்டி அனுப்புற ஒரு ஆப்பைப் போட்டேன். நறுக்கின காய், அரைச்ச மசாலா, எல்லாம் அளந்து பெட்டியில வரும். நாம அடுப்பைப் பத்த வெச்சா போதுமாம். பெட்டி 99 ரூபாய்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.

பணம் கட்டுற பக்கத்துலதான் கூத்து. பேக்கிங் 15, டெலிவரி 30, பிளாட்ஃபார்ம் கட்டணம் 8, மழைக்குத் தனியா 15. மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு? கேக்காமலே ஒரு தயிர் டப்பா 25 வேற. ஆக 192!

முதல் மாசம் சந்தா இலவசம்னான். ரெண்டாவது மாசத்துல இருந்து 199 தானா போகுது. எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வந்திருக்கு. விளம்பரம்னு நான்தான் தள்ளி விட்டிருக்கேன். நிறுத்துற பட்டனைத் தேடித் தேடிக் கண்ணே போச்சு. கடைசியில யூபிஐ ஆப்புக்குள்ள போய் ஆட்டோபேயை ரத்து பண்ணேன்.

இந்த மாதிரி 13 தந்திரங்களை 2023 நவம்பர்லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை பண்ணியாச்சு. கடைசி நேரத்துல விலை ஏத்துறது, கேக்காததைக் கூடையில திணிக்கிறது, வெளியேற விடாத சந்தா, மூணுமே அதுல இருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கேன்.

கிருஷ்ணகிரியில இருந்து அம்மா சிரிக்கிறாங்க. "ஏன்டி, பக்கத்துலயே உழவர் சந்தை. கத்திரிக்காய் நறுக்க ஆளு வெச்சியாக்கும்? களி கிண்டு, நறுக்குற வேலையே இல்ல."