வரையாடு எண்ணப் போகிறவர்களே, பூஜ்யம் எழுதப் பழகுங்கள்

வரையாடு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து உள்பெட்டியில் ஒரே கேள்விதான்: "அடுத்த முறை நானும் வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் கேட்பவர்களில் பாதிப்பேர் அடுத்த வரியிலேயே "கண்டிப்பா பார்க்க முடியுமா?" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பார்ப்பதுதான் ஆசை என்றால் அதற்குக் கணக்கெடுப்பு தேவையே இல்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் மெதுவாகப் போங்கள். நேரம் நன்றாக இருந்தால் தடுப்புச் சுவர் மேலேயே நின்று உங்களைப் பார்க்கும். (தயவுசெய்து சிப்ஸ் போடாதீர்கள். அதைத் தின்று பழகிய ஆடு வண்டிக்கு ஒதுங்காது.)

நாங்கள் எண்ணப் போன அக்காமலை கிராஸ் ஹில்ஸ் கதையே வேறு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள், சுற்றுலாவுக்குத் திறந்துவிடாத உயரமான புல்மேடு. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. அங்கே ஆடு நம்மைப் பார்த்து நிற்காது. நாம் ஆளைக் காட்டுவதற்கு முன்பே ஒரு ஆடு எச்சரிக்கும் விசில் சத்தம் கேட்கும், கூட்டமே பாறை இடுக்கில் மறைந்துவிடும்.

வேலை என்னவென்று கேட்டால், பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது. எதிர்ச்சரிவை பைனாகுலரில் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்புப் பாறை என்று தாண்டிப்போனது தலையைத் திருப்பும். உடனே நேரம், இடம், எத்தனை கிடா, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி என்று படிவத்தில் ஏற்ற வேண்டும். முதுகில் வெள்ளி பூசினாற்போல் சாம்பல் பட்டை இருந்தால் முதிர்ந்த கிடா, அதை 'சேடில்பேக்' என்று தனியாகக் குறிக்க வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் மஞ்சு ஏறிவிடும். எப்போது விலகும் என்று யாருக்கும் தெரியாது. புல்லில் உட்கார்ந்த புண்ணியத்துக்கு ராத்திரி கேம்ப் ஷெட்டில் டார்ச் அடித்து ஒருவருக்கொருவர் உண்ணி பிடுங்கிக்கொள்ளலாம். அந்த அரிப்பு ஊருக்கு வந்த பிறகும் விடாது.

சரி, ஒன்றும் தென்படாத நாளில் பூஜ்யம் என்றே ஏன் எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்தக் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் ஒரு முறைக்கு 'பவுண்டட் கவுண்ட்' என்று பெயர். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். கிடைத்ததிலேயே பெரிய எண்ணை இரட்டிப்பாக்கி, அதற்கு அடுத்த எண்ணைக் கழிப்பார்கள். ஒரு பகுதியில் அதிகபட்சம் 20, அடுத்தது 17 என்றால் மதிப்பீடு 23. இப்போது ஒரு புண்ணியவான் ஆர்வத்தில் 20-ஐ 22 என்று எழுதிவிடுகிறார் என்று வையுங்கள். மதிப்பீடு 27 ஆகிவிடும். அவர் கூட்டியது இரண்டு, காகிதத்தில் பிறந்தது நான்கு. அந்த நான்கு ஆடும் எந்த மலையிலும் இல்லை.

இப்படியெல்லாம் யார் செய்வார் என்கிறீர்களா? நாளெல்லாம் ஏறி இறங்கி, நனைந்து, கால் கடுத்து, சாயங்காலம் வெற்றுப் படிவத்தோடு உட்காரும்போது மனசு கேட்காது. எங்கள் குழுவிலேயே ஒருவர், "அந்தப் பக்கம் ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சே, மூணுன்னு போட்டுக்கலாமா?" என்றார். கூட வந்த வனத்துறை வாட்சர் சிரித்துக்கொண்டே, "பாக்காதத எப்படி சார் எழுதறது?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாட்சரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். முதுவர் பழங்குடியைச் சேர்ந்தவர். பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவருக்கு அது தேவைப்படவில்லை. வழியில் கிடந்த புழுக்கையைக் குச்சியால் பிளந்து, உள்ளே ஈரமும் பச்சையும் இருப்பதைக் காட்டி, "காலையில் இங்கதான் மேஞ்சிருக்கு" என்றார். நாங்கள் ஒரு சில நாள் வந்து போகிறவர்கள். அவரைப் போன்றவர்கள் வருஷம் முழுக்க ரோந்து போகிறார்கள், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், தீ பிடித்தால் அணைக்க முதலில் ஓடுகிறார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே காலம் தள்ளுகிறார்கள். அதனால்தான் "காட்டைக் காப்பாற்றப் போனோம்" என்று யாராவது படம் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது. காப்பாற்றுகிறவர் அந்தப் படத்தின் ஓரத்தில் நம் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்பார். பெயர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று. 2024-இல் தமிழ்நாட்டு மதிப்பீடு 1031. 2025 ஏப்ரலில் கேரளாவும் தமிழ்நாடும் ஒரே நாட்களில் எண்ணின. எல்லையில் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவும் நம் கிராஸ் ஹில்ஸும் ஒட்டிக் கிடப்பதால் தனித்தனி நாளில் எண்ணினால் ஒரே ஆடு இரண்டு கணக்கிலும் ஏறிவிடலாம். தமிழ்நாட்டுக்கு 1303 வந்தது. ஒரே வருஷத்தில் 272 கூடுதல்! உடனே வாட்ஸ்அப்பில் வெற்றி முழக்கம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வரையாடு பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். கூடியதில் எவ்வளவு பிழைத்த குட்டி, எவ்வளவு நன்றாகத் தேடியதன் பலன் என்பதை இரண்டே வருஷ எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் பல வருஷம் இதே ஒழுங்கோடு எண்ண வேண்டும். அதற்கு நடுவில் நேர்மையான பூஜ்யங்கள் வேண்டும். போன வருஷம் ஆடு இருந்த சரிவில் இந்த வருஷம் இல்லை என்பதும் தகவல்தான். சொல்லப்போனால் முதலில் கவலைப்பட வேண்டிய தகவலே அதுதான்.

இன்னொரு பக்கம், நீலகிரியின் முக்கூர்த்தியிலும் பழனி மலையிலும் புல்வெளியை விழுங்கும் சீகை (வாட்டில்) என்ற அயல் மரத்தை அப்புறப்படுத்தும் வேலை இருக்கிறது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்ட வெட்ட முளைக்கும். ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் மிஞ்ச வேண்டுமென்றால் இது நடந்தாக வேண்டும். இதுவரை "சீகை நாற்றுப் பிடுங்க நானும் வரலாமா?" என்று உள்பெட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

அறிவிப்பு வந்தால் இங்கேயே பகிர்கிறேன். பெரிய லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஏற்றத்தில் அதைக் கடைசியில் வாட்சர்தான் சுமப்பார். முழுக்கால் சாக்ஸும் நனையாத நோட்டும் இரண்டு பென்சிலும் போதும், ஈரத்தில் பேனா எழுதாது.