காது கேட்காதவர்கள் விமானம் ஓட்டலாமா?

அமெரிக்காவில் டெஃப் பைலட்ஸ் அசோசியேஷன் என்று காது கேளாத விமானிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ஊரின் சிறிய விமான நிலையத்தில் கூடுவார்கள். ஃப்ளை-இன் என்பார்கள். முடிந்தவர்கள் தாங்களே விமானம் ஓட்டி வந்து இறங்குவார்கள்.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "காது கேட்காம எப்படிங்க ப்ளேன் ஓட்ட முடியும்? ஆபத்தில்லையா?"

எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் ஸ்கூட்டி ஓட்ட ஆசைப்பட்டபோதும் ஊரே இதைத்தான் கேட்டது. காது கேளாதவர்களையும் ஓட்டுநர் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. அதற்குப் பிறகும் லைசென்ஸ் வாங்க நாலு முறை அலைந்தாள். கடைசியில் எட்டு போட்டுக் காட்டினாள், ஒரு முறைகூடக் காலை ஊன்றவில்லை.

சரி, விமானத்துக்கு வருகிறேன். அமெரிக்காவை முதன்முதலில் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை விமானத்தில் கடந்தவர் கால்பிரெய்த் ரோட்ஜர்ஸ். 1911 செப்டம்பர் 17-ல் நியூயார்க்கில் கிளம்பி, நவம்பர் 5-ல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் இறங்கினார். வழியில் பல முறை விழுந்தார், விமானத்தை ஒட்டுப்போட்டு மறுபடி கிளம்பினார். கீழே ஓடிய ரயில் தண்டவாளம்தான் அவருக்கு வழிகாட்டி. சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் அவருக்கு ஒரு காது முழுவதுமாகப் போய்விட்டது, மற்றதும் சரியாகக் கேட்காது. 1928-ல் தனியாக விமானம் ஓட்டிய நெல்லி வில்ஹைட்டும் காது கேளாதவர். தெற்கு டகோட்டா மாநிலத்தின் முதல் பெண் விமானி அவர்.

விமானங்களில் ரேடியோ பரவலானது பிறகுதான். இன்றைக்கும் அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கெல்லாம் ரேடியோ கட்டாயமில்லை. கண்ணால் சுற்றிலும் பார்த்து, முறைப்படி வட்டமடித்து இறங்க வேண்டும். கோபுரம் இருக்கும் சில இடங்களில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் விளக்கைக் காட்டி இறக்குவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழி விட்டு வட்டமடிக்க வேண்டும். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் இறங்கக் கூடாது. "பார்த்துவிட்டேன்" என்று சொல்ல விமானி இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். இது காது கேளாதவர்களுக்காகச் செய்த சலுகை இல்லை. எல்லா விமானிகளும் படிக்கும் பாடம்.

அமெரிக்காவின் ஆஷ்காஷ் ஊரில் வருடா வருடம் நடக்கும் விமானத் திருவிழாவுக்குப் பத்தாயிரம் விமானங்கள் வரை வருகின்றன. அங்கே காது நன்றாகக் கேட்பவர்களிடமும் "ரேடியோவில் பதில் பேசாதே, இறக்கையை ஆட்டு" என்றுதான் சொல்கிறார்கள்!

"எஞ்சின் சத்தம் மாறினால் எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். என் தங்கை மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது மூடி மேல் உள்ளங்கையை வைத்திருப்பாள். தேங்காய் கெட்டியாக இருக்கிறதா, தண்ணீர் விட வேண்டுமா என்று அந்தக் கையே சொல்லிவிடும். எனக்குச் சத்தத்தை வைத்துக்கூட அது பிடிபடாது. விமானத்திலும் அப்படித்தான். எஞ்சினின் அதிர்வு இருக்கையிலும் கால் பெடலிலும் தெரியும். சுழற்சி குறைந்தால் எதிரே இருக்கும் முள் இறங்கும். வேகம் போய் விமானம் தொய்யப் போகிறது என்றால், கையில் இருக்கும் பிடி உதறும்.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ரேடியோ கட்டாயமான இடங்களுக்குத் தனியாகப் போக முடியாது என்று அவர்களின் மருத்துவச் சான்றிதழிலேயே எழுதியிருக்கும். இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம். கடல் கடந்து போகும் பெரிய விமானங்கள் பல வருடங்களாகக் கட்டுப்பாட்டு அறையோடு எழுத்துச் செய்தியில் பேசிக்கொள்கின்றன. அதே வசதியைச் சின்ன விமானத்துக்கும் மலிவாகக் கொண்டுவந்தால் இந்தக் கட்டுப்பாட்டில் பாதி தேவைப்படாது. காதில் இருக்கும் குறையைப் பற்றியே பேசுகிறோம், கருவியில் இருக்கும் குறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விமானி லைசென்ஸ் வாங்கிய பிறகு தனிக் கூட்டம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். விமான நிலையத்தில் பாதி வாழ்க்கை அரட்டைதான். எந்த ஓடுபாதையில் குறுக்குக் காற்று அடிக்கும், எந்த மெக்கானிக் நல்லவர், எல்லாமே வாய்ப் பேச்சில்தான் கைமாறும். அந்தப் பேச்சுக்கு நடுவில் காது கேளாத ஒருவர் தனியாக நிற்பார். இந்தக் கூட்டத்தில் அந்தத் தனிமை இல்லை. பக்கத்தில் எஞ்சின் இரைந்தால் கேட்பவர்கள்தான் காதோடு காதாகக் கத்த வேண்டும். இவர்கள் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையாலேயே பேசிவிடலாம்.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தேகம்தான்: "ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?" தரையிலேயே எல்லாவற்றையும் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வார்கள், மேலே போனதும் ஏற்கெனவே முடிவு செய்த சின்னச் சின்ன சைகைதான் என்றேன்.

அவள் என் இடது தோளில் இரண்டு தட்டு தட்டினாள். ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, இடது பக்கம் வண்டி ஹாரன் அடித்தால் நான் அவளுக்குத் தட்டுவது அது.