லிங்க் போட்டேன், ரேங்க் ஏறியது என்பதெல்லாம் சோதனை ஆகாது

எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலையில் இருக்கிற யாரும் 2009 ஜூன் மாதத்தை மறக்கக் கூடாது என்பேன். அதற்கு முன் சில வருடங்களாக ஒரு உத்தி பரவலாகப் புழக்கத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் பத்து லிங்க் இருக்கிறது என்றால், அதில் 'தொடர்புக்கு', 'விதிமுறைகள்' மாதிரி முக்கியமில்லாத ஐந்துக்கு நோஃபாலோ (இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) போட்டுவிடுவார்கள். மிச்சம் இருக்கிற ஐந்துக்கும் பேஜ்ரேங்க், அதாவது லிங்க்குகளை வைத்து கூகுள் ஒரு பக்கத்துக்குத் தரும் மதிப்பு, இரண்டு மடங்காகப் போய்ச் சேரும் என்பது கணக்கு. இப்படிச் செய்து ரேங்க் ஏறியது என்று எழுதியவர்கள் ஏராளம். இதையே ஒரு சேவையாக விற்றவர்களும் உண்டு.

அந்த ஜூனில் கூகுளின் பொறியாளர் மேட் கட்ஸ் வெளிப்படையாக எழுதினார். இந்தக் கணக்கை நாங்கள் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நோஃபாலோ போட்ட லிங்க்கின் பங்கு இப்போது மற்ற லிங்க்குகளுக்குப் போவதில்லை என்றார். ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது. தளம் வைத்திருப்பவர்களும் சோதனை செய்பவர்களும் தாங்களாகவே கவனித்துவிடுவார்கள் என்று நினைத்தோம், யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஒரு வருடத்துக்கும் மேலாக இல்லாத பலனை அத்தனை பேர் கண்ணால் பார்த்ததாக நம்பியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மாற்றினார்கள், காத்திருந்தார்கள், ஏறியதை எழுதினார்கள், ஏறாததை விட்டுவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. நம் தொழிலில் இன்றைக்கும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. 'மூன்று இன்டர்னல் லிங்க் (தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு) சேர்த்தேன், 14ஆம் இடத்திலிருந்து 6க்கு வந்துவிட்டது' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அடுத்த வாரமே அதை நம்பி நாலு பேர் தங்கள் கிளையண்ட்டின் தளத்தைக் கலைத்துப் போடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்தத் தளத்தை நம்பி யாரோ ஒருவருடைய பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

லிங்க்கை எடுத்துச் சோதிக்கிறோம் என்றால் முதலில் எதைச் சோதிக்கிறோம் என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். ஒரு லிங்க் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. கூகுள்பாட்டுக்கு (பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரல்) அந்தப் பக்கம் இருப்பதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க்காகத் தெரியும் சொற்கள், மூலமாக அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்கிறது. பேஜ்ரேங்க் மாதிரியான மதிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கூகுளின் பட்டியலிலேயே சேராமல், அதாவது இண்டெக்ஸே ஆகாமல் கிடந்த பக்கத்துக்கு லிங்க் கொடுத்து அது மேலே வந்தால், அங்கே நடந்தது முதல் வேலை. அதை வைத்துக்கொண்டு 'லிங்க் மதிப்பு ஏறியது' என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இண்டெக்ஸில் இருந்து, கூகுள்பாட் அடிக்கடி வந்துபோகிற பக்கங்களை மட்டும் எடுத்தால் இந்தக் குழப்பம் போய்விடும். தளத்துக்கு யார் வந்துபோனார்கள் என்று பதியும் சர்வர் லாகைத் திறந்தால் எந்தப் பக்கத்துக்கு எப்போது வந்தது என்று தேதியோடு இருக்கும்.

ஆங்கர் டெக்ஸ்ட்டின் பலம் தனி. அடோபி ரீடர் டவுன்லோடு பக்கம் பல வருடங்கள் 'கிளிக் ஹியர்' என்ற தேடலில் முதலிடத்தில் நின்றது. உலகம் முழுக்க அந்த இரண்டு சொல்லை வைத்தே அதற்கு லிங்க் கொடுத்திருந்தார்கள், அதுதான் காரணம். ஆகவே சொல்லையும் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்கக் கூடாது. ஒரு குழுவுக்குப் பொருள் தரும் சொற்களோடு லிங்க், இன்னொரு குழுவுக்கு 'மேலும் படிக்க' என்று லிங்க், மூன்றாவது குழுவை அப்படியே விட்டுவிடுவது. இப்படிச் செய்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

எந்தப் பக்கம் எந்தக் குழுவுக்கு என்று நாமே கைப்பட தேர்ந்தெடுத்தால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். நாம் பொதுவாக எந்தப் பக்கத்தைக் கையில் எடுக்கிறோம்? சரிந்த பக்கத்தைத்தான். தற்செயலாகச் சரிந்த பக்கத்தில் நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அது கொஞ்சமாவது மேலே வரும். அந்த ஏற்றம் முழுவதும் நம் லிங்க்கின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். நான் செய்வது இதுதான்: பக்கங்களைக் கிளிக் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து இருப்பவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஜோடியில் எதற்கு லிங்க், எதற்கு இல்லை என்பதை எக்செல்லின் ரேண்டம் ஃபங்ஷனிடம் விட்டுவிடுவேன். என் விருப்பம் அதில் நுழையாது.

இவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதாகவே தெரியவில்லை. 1998இல் கூகுளைத் தொடங்கிய பிரின்னும் பேஜும் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குச் சமமாகப் பிரிகிறது. பத்து லிங்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு. அதே பக்கத்தில் சோதனைக் குழுவுக்காக ஐந்து லிங்க் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். இப்போது மொத்தம் பதினைந்து. பழைய பத்துக்கும் ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்குதான். அதாவது இருந்ததில் மூன்றில் ஒரு பாகம் போய்விட்டது. அந்தப் பழைய பத்தில் உங்கள் ஒப்பீட்டுக் குழுவின், அதாவது லிங்க் சேர்க்காமல் விட்ட குழுவின், பக்கங்களும் இருந்தால்? சோதனைக் குழு ஏறுகிறது, ஒப்பீட்டுக் குழுவை நீங்களே இறக்கிவிட்டிருக்கிறீர்கள். இடையில் தெரிகிற வித்தியாசம் உண்மையான பலனைவிடப் பெரிதாகத் தெரியும். தளம் முழுக்க அதே மாற்றத்தைச் செய்யும்போது அந்தப் பலன் வராது, ஏனென்றால் அப்போது எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்றைய கூகுள் இப்படிச் சமமாகப் பிரிப்பதாக யாரும் சொல்ல முடியாது. 2010இல் அவர்களுக்குக் கிடைத்த ஒரு காப்புரிமையே, ஒருவர் சொடுக்குவதற்கான வாய்ப்பைப் பொறுத்து லிங்க்குக்கு லிங்க் எடை மாறலாம் என்கிறது. லிங்க் எந்த இடத்தில் இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால் பிரிக்கிற விதம் எதுவாக இருந்தாலும், ஒரு பானைச் சோற்றைப் பத்துப் பேருக்குப் பதில் பதினைந்து பேருக்குப் பரிமாறினால் யாருக்கோ குறையத்தான் செய்யும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தனித்தனிப் பக்கங்களாகப் பிரிக்காமல், ஒன்றுக்கொன்று அதிகம் லிங்க் கொடுக்காத பிரிவுகளாகப் பிரிப்பது. ஒரு பிரிவு முழுக்க மாற்றம், இன்னொரு பிரிவைத் தொடவே கூடாது. இரண்டாவது, சேர்ப்பதற்குப் பதிலாக இடம் மாற்றுவது. 'தொடர்புடையவை' பெட்டியில் ஆறு லிங்க் இருந்தால் ஆறாகவே இருக்கட்டும். இரண்டு குழுவிலும் இல்லாத பக்கங்களுக்குப் போகும் லிங்க்கை எடுத்துவிட்டுச் சோதனைக் குழுவுக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம். மெனுவைச் சோதிக்க இந்த இரண்டு வழியும் உதவாது. அது எல்லாப் பக்கத்திலும் இருப்பதால் பிரிக்கவே முடியாது. மெனு மாற்றத்தின் பலனை யாராவது உறுதியாகச் சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன்.

அடுத்து அளவுகோல். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் அறிக்கையில் தெரியும் சராசரி இடத்தை நம்பி முடிவெடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஒரே தேடலுக்கு 6ஆம் இடத்தில் 100 முறை தெரிந்தது. லிங்க் கொடுத்த பிறகு அதே 100 அப்படியே இருக்க, புதிதாக இன்னொரு தேடலுக்கு 50ஆம் இடத்தில் 100 முறை தெரியத் தொடங்கியது. சராசரி இப்போது 28. வரைபடத்தில் பாதாளத்துக்குப் போனமாதிரி தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு நடந்தது நல்லதுதான். தொடங்கும் முன்பே தேடல் சொற்களின் பட்டியலைப் பூட்டி வைத்து, அதே சொற்களை மட்டும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கூடவே கிளிக்கையும் பார்க்க வேண்டும்.

இல்லாத சொல்லை உருவாக்கிச் சோதிக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் ரீபூட் என்ற எஸ்இஓ நிறுவனம் 2016இல் வெளியிட்ட சோதனை இதில் பிரபலம். பத்துப் புதிய தளங்கள், யாரும் கேள்விப்படாத ஒரு சொல், ஐந்து தளங்களில் மட்டும் பெரிய பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்கு வெளி லிங்க். லிங்க் கொடுத்தவையே மேலே வந்தன. இந்த அமைப்பை நான் மதிக்கிறேன். பத்தில் குறிப்பிட்ட ஐந்தும் வெறும் அதிர்ஷ்டத்தால் முதல் ஐந்து இடத்தைப் பிடிக்க 252இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் போட்டியே கிடையாது. பத்துத் தளமும் கிட்டத்தட்ட சரிசமமாக நிற்கும்போது தூசி அளவு எடைகூட வரிசையை மாற்றிவிடும். நிஜமான தேடலில், ஆயிரம் வேறு காரணங்கள் மோதும் இடத்தில், அதே தூசிக்கு என்ன மதிப்பு என்று இந்த முறை சொல்லாது. ஒரு சமிக்ஞை இருக்கிறதா என்று கேட்கலாம். எவ்வளவு என்று கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் 'வெளி லிங்க் கொடுத்தால் ரேங்க் ஏறும்' என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறார்கள்.

காலம் பற்றிச் சுருக்கமாக. 2024 மார்ச் கோர் அப்டேட் (கூகுள் தன் தேடல் முறையில் செய்த பெரிய மாற்றம்) மார்ச் 5இல் தொடங்கி ஏப்ரல் 19இல் முடிந்தது. 45 நாள். அந்த இடைவெளியில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்த எதையும் தூக்கிப் போட்டுவிடலாம். குழு இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, அதுவும் இரண்டு குழுவிலும் ஒரே வகைப் பக்கங்கள் இருந்தால்தான்.

பலன் தெரிந்தால் அதோடு நிறுத்தாமல் லிங்க்கை எடுத்துவிட்டும் பாருங்கள். கிளையண்ட்டுகள் இதற்குச் சம்மதிப்பது அபூர்வம், எனக்குத் தெரியும். ஏறியதை ஏன் கலைக்கிறாய் என்பார்கள். பாதிப் பக்கங்களில் மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று பேசிச் சம்மதிக்க வைக்கலாம். எடுத்த பக்கங்கள் இறங்கி, எடுக்காதவை அப்படியே நின்றால், அந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்பேன்.

எழுதும்போது ஏறிய கதையை மட்டும் எழுதாதீர்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடிந்த சோதனையையும் எழுதுங்கள். எத்தனை பக்கம், எப்படிப் பிரித்தீர்கள், சேர்த்தீர்களா இடம் மாற்றினீர்களா, கூகுள்பாட் மாற்றத்தை எந்தத் தேதியில் பார்த்தது, எந்தச் சொற்களை அளந்தீர்கள். இந்த ஐந்தும் இருந்தால் போதும், ஸ்கிரீன்ஷாட் தேவையில்லை. நான் அடுத்து பக்கத்தின் அடியில், ஃபுட்டரில் இருக்கும் லிங்க்கைக் கட்டுரையின் பத்திக்குள் நகர்த்தினால் என்ன ஆகிறது என்று பார்க்கப் போகிறேன், பிரிவுகளைப் பிரித்து வைத்தாகிவிட்டது. இதே கேள்வியை உங்கள் தளத்திலும் சேர்ந்து சோதிக்க விருப்பம் உள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், எக்செல் கோப்பை அனுப்புகிறேன்.